அலுப்பு வேறு, கஷ்டம் வேறு: வரலாற்று ஓபன் வேர்ல்ட் கேம்கள் பற்றி ஒரு பதில்

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உயர்தரம் எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறாராம். அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லாவை நாற்பது மணிநேரம் விளையாடியிருக்கிறார். "முதலில் சொர்க்கமாக இருந்தது அண்ணே, இப்போது திறக்கவே மனம் வரவில்லை" என்கிறார். அதன்பிறகு கிங்டம் கம்: டெலிவரன்ஸ் தொடங்கி, இரண்டே நாளில் கோபத்தில் மூடிவிட்டாராம். வரலாறு பிடிக்கும், வாள்சண்டை பிடிக்கும், ஊர் சுற்றவும் பிடிக்கும். ஆனாலும் இந்த ஓபன் வேர்ல்ட் வகை, அதாவது பெரிய உலகமொன்றில் விரும்பிய பக்கமெல்லாம் சுற்றித் திரியும் கேம், தனக்கு ஒத்துவராதோ என்று சந்தேகப்படுகிறார். இவ்வளவு பெரிய கேம்களை எப்படி டவுன்லோட் செய்வது என்றும் கேட்கிறார்.

ஒத்துவரும் தம்பி. உங்களுக்கு வந்திருப்பது இரண்டு வெவ்வேறு எரிச்சல், அவ்வளவுதான். வல்ஹல்லாவில் வந்தது அலுப்பு. அந்தக் கேம் உங்கள் நேரத்தை மதிக்காததால் வந்தது. கிங்டம் கமில் வந்தது கஷ்டம். அந்தக் காலத்து ஏழைப் பையன் ஒருவனுக்கு எதெல்லாம் முடியாதோ, அதையெல்லாம் உங்களுக்கும் முடியாமல் ஆக்கியதால் வந்தது. முதலாவதைச் சகித்துக்கொள்ளத் தேவையே இல்லை. இரண்டாவதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். நான் இந்த வகையைப் பல வருடமாகத் திட்டிக்கொண்டே விளையாடுகிறவன், அதனால் நீளமாகத்தான் சொல்வேன்.

அலுப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். முதல் அசாசின்ஸ் கிரீட் 2007இல் வந்தது. கதை நடப்பது 1191இல், மூன்றாம் சிலுவைப் போர்க் காலம். எருசலேம், டமாஸ்கஸ், ஏக்கர் என்று மூன்று நகரங்கள். உயரமான கோபுரத்தில் ஏறி நின்றால் சுற்றுவட்டாரம் மேப்பில் திறக்கும், அப்படியே கீழே வைக்கோல் வண்டியில் பாயலாம். அப்போது அது புதுசு. 2009இல் வந்த இரண்டாம் பாகம் புளோரன்ஸ், வெனிஸ் என்று போனது. கூடவே நூறு இறகுகளை ஊரெல்லாம் ஒளித்துவைத்துப் பொறுக்கச் சொன்னது. ஏறு, திற, பொறுக்கு. இந்த மூன்றும் பிறகு வந்த எத்தனையோ கேம்களுக்கு அச்சாகிப் போயின.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு நகரத்தை, ஒரு நாட்டை வரைந்து கட்டி எழுப்ப நூற்றுக்கணக்கானோர் வருடக்கணக்கில் வேலை செய்கிறார்கள். பிரதான கதை அதில் ஒரு சின்னப் பங்கைத்தான் தொடும். மிச்ச இடமெல்லாம் சும்மா கிடக்கக்கூடாதே என்று புதையல் பெட்டி, முகாம், ஓலைச்சுருள் எல்லாவற்றையும் தூவிவிடுகிறார்கள். தூவியதை நீங்கள் போய்ப் பார்க்க வேண்டுமே, அதற்காக மேப்பில் புள்ளி வைக்கிறார்கள். புள்ளியைப் பார்த்தால் நமக்குக் கை சும்மா இருக்காது. வல்ஹல்லாவில் தங்க நிறப் புள்ளி, நீலப் புள்ளி, வெள்ளைப் புள்ளி என்று ஒரு மாவட்டத்துக்கே அத்தனை இருக்கும். எல்லாவற்றையும் முடிக்கப் போனால் நூறு மணிநேரத்தைத் தாண்டிவிடும்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். நிறுவையில் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். எத்தனை மணிக்கு மலைக்குப் போனாய், மழையில் நனைந்தாயா, அட்டை கடித்ததா என்பதெல்லாம் கணக்கில் வராது. 2018இல் அதே அசாசின்ஸ் கிரீட் தொடரில் வந்த ஒடிசி எனக்கு அச்சு அசல் அப்படித்தான் இருந்தது. பெலொப்பொன்னேசியப் போர் தொடங்கிய காலம், கி.மு. 431, கிரேக்கக் கடல் முழுக்கச் சுற்றலாம். பிரிந்துபோன தாயைத் தேடி மனம் பதைக்க ஓட வேண்டிய இடத்தில் "உன் லெவல் போதாது" என்று வாசலிலேயே நிறுத்திவிடும். சரி என்று திரும்பிப்போய், சம்பந்தமே இல்லாத யாருக்கோ ஐந்து ஓநாய் கொன்று கொடுத்து லெவல் ஏற்ற வேண்டும். அந்த அலுப்பைக் குறைக்க, லெவல் வேகமாக ஏறும் பூஸ்டர் ஒன்றைக் காசுக்கும் விற்றார்கள். அலுப்பையும் உண்டாக்கி, அதற்கு மருந்தும் விற்றால் என்ன சொல்வது!

வல்ஹல்லாவில் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. நீங்கள் வைக்கிங். கி.பி. 873க்குப் பிறகான இங்கிலாந்து. நதிவழியே நீள்படகில் வந்து, கொம்பு ஊதி, மடாலத்தைக் கொள்ளையடிக்கிறீர்கள். கூரை எரிகிறது. ஆனால் தவறிப்போய் ஒரு துறவியை வெட்டினால், (எய்வோர் என்பது நாம் நடிக்கும் ஆளின் பெயர்) "எய்வோர் பொதுமக்களைக் கொல்லவில்லை" என்று எச்சரிக்கை வருகிறது. மடாலம் எரியலாம், துறவி சாகக்கூடாது. ஆட்களைப் பிடித்து அடிமையாக விற்பது வைக்கிங்குகளின் பெரிய வருமானங்களில் ஒன்று, டப்ளின் நகரமே அதற்குப் பேர்போன சந்தை. கதையில் அதற்குப் பெரிய இடமில்லை. நாம் நடிக்கும் ஆள் நல்லவனாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வரலாற்றைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள். நாற்பதாவது மணிநேரத்தில் உங்களுக்கு மனம் விட்டுப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எந்தக் கொள்ளையிலும் எதுவும் பணயமாக இல்லை.

இவ்வளவு திட்டிவிட்டேன், ஆனால் கட்டடம் என்று வந்தால் அசாசின்ஸ் கிரீட் செய்கிறவர்களை அடிக்க ஆளில்லை. சாதாரணதர வரலாற்றுப் புத்தகத்தில் மறுமலர்ச்சியும் பிரெஞ்சுப் புரட்சியும் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். 2014இல் அவர்கள் செய்த யூனிட்டியில் புரட்சிக்கால பாரிஸின் கூட்டத்துக்குள் நெருக்கியடித்து நடந்தால், அந்தப் பாடத்தில் வந்த "பாண் விலை உயர்வு" என்ற ஒரு வரி ஏன் நாட்டையே கவிழ்த்தது என்று பிடிபடும். அந்தக் கேம் வெளியான வாரத்தில் முகத்தோல் காணாமல் போய்க் கண்ணும் பல்லும் மட்டும் மிதந்த ஆட்களை ஊரே பார்த்துச் சிரித்தது. ஆனாலும் நோத்ர்டாம் தேவாலயத்தை ஒரு பெண் வடிவமைப்பாளர் இரண்டு வருடத்துக்குக் கிட்ட உட்கார்ந்து கட்டியிருந்தார். 2019 ஏப்ரல் 15இல் நிஜ நோத்ர்டாம் எரிந்தபோது, இந்தக் கேமை வைத்துத்தான் திரும்பக் கட்டப்போகிறார்கள் என்று ஒரு கதை பரவியது. இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. மறுசீரமைப்புக்கு உதவியது, அண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் முன்பே எடுத்துவைத்திருந்த லேசர் அளவீடு போன்றவை. கேமில் இருக்கும் ஊசிக்கோபுரமே புரட்சிக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 19ஆம் நூற்றாண்டில் எழும்பியது. பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டுமே என்று முன்கூட்டியே நட்டுவிட்டார்கள்.

இந்த மாதிரி மாற்றங்களை ஒளிக்காமல் சொல்லும் கேம் என்றால் எனக்கு அதே தொடரில் 2017இல் வந்த ஒரிஜின்ஸ்தான் பிடிக்கும். கிளியோபாத்ரா காலத்து எகிப்து. அடுத்த வருடம் அதற்கு டிஸ்கவரி டூர் என்று ஒரு பகுதியை இலவசமாகச் சேர்த்தார்கள். சண்டை, லெவல், புள்ளி எதுவும் கிடையாது. அலெக்சாந்திரியாவில் நடந்துகொண்டே விளக்கம் கேட்கலாம். பள்ளிக்கூடக் காட்சியில் பெண்பிள்ளைகளும் படிப்பதாகக் காட்டியது வரலாற்றுப்படி சரியில்லை, தெரிந்தேதான் அப்படி வைத்தோம் என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். இந்த நேர்மை எனக்குப் போதும். பொய் சொல்லலாம், ஆனால் பொய் என்று சொல்லிவிட வேண்டும்.

2020இல் வந்த கோஸ்ட் ஒஃப் சுஷிமா, சுஷிமா என்ற ஜப்பானியத் தீவில் நடக்கும் கதை, அந்தப் புள்ளி வியாதிக்கு வேறொரு வைத்தியம் பார்த்தது. மேப் மூலையில் அம்புக்குறி வைக்காமல், போகவேண்டிய திசைக்குக் காற்றை வீசவிட்டார்கள். புல் சாயும், இலை பறக்கும், பார்த்துக்கொண்டே குதிரையை விடலாம். கண் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்காமல் நிலத்தைப் பார்க்கத் தொடங்கும். மலையில் இருக்கிற நமக்கு மூடுபனி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தே மழை வருமா என்று சொல்லிப் பழக்கம்தானே, இது உடனே கைவந்துவிடும். வரலாறு என்று பார்த்தால் ஓட்டைகள் உண்டு. 1274இல் மங்கோலியர் கொமோடா கரையில் இறங்கியபோது சோ சுக்கெகுனி என்ற தலைவர் எண்பது குதிரைவீரர்களோடு போய் மடிந்தார் என்பது பதிவில் இருக்கிறது. ஆனால் நிஜத்தில் மங்கோலியர் தீவைச் சீக்கிரமே பிடித்து முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள்; கேமில் வருவதுபோல நீண்ட கரந்தடிப் போர் எதுவும் நடக்கவில்லை. கேமில் நாயகன் ஜின் உட்கார்ந்து எழுதும் ஹைக்கூவும் பல நூற்றாண்டு பிந்திய வடிவம். இதெல்லாம் தெரிந்தும் அந்தத் தீவின் நிர்வாகம் கேமை இயக்கிய இருவரையும் 2021இல் தங்கள் சுற்றுலாத் தூதுவர்களாக்கியது. சுஷிமாவிலும் பொறுக்கல் இருக்கிறது, நரிக்குப் பின்னால் போய்ப்போய் ஒரு கட்டத்தில் நரியைக் கண்டாலே ஓடத் தோன்றும். அதைச் செய்யாமல் விட்டாலும் கதை நிற்காது, அதுதான் வித்தியாசம்.

இனி உங்கள் இரண்டாவது கோபம். கிங்டம் கம் 2018 பெப்ரவரியில் வந்தது, செக் நாட்டுக்காரர்கள் செய்தது. 1403, பொஹீமியா. நீங்கள் ஹென்றி, கொல்லன் மகன். மற்றக் கேம்களில் முதல் நிமிடத்திலேயே பத்துப் பேரை வெட்டலாம். இதில் முதல் வேலை அப்பாவுக்குக் கரி வாங்கி வருவது, கடன்காரன் ஒருவனிடம் காசு கேட்டு அடி வாங்குவது. ஹென்றிக்கு வாள் பிடிக்கத் தெரியாது, வில்லில் குறிகாட்டி கிடையாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எல்லாம் குழம்பிக் கிடக்கும். அது கேமின் கோளாறு இல்லை தம்பி, அவனுக்கு வாசிக்கத் தெரியாது. உஷிட்ஸ் என்ற ஊரில் ஒரு எழுத்தரிடம் காசு கொடுத்துப் படித்தால், அதே பக்கத்தின் எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். எந்தக் கேமிலும் ஒரு ஆயுதம் கிடைத்து எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. கைநாட்டு வைத்த பாட்டன், பூட்டன் நம்மில் யாருக்கு இல்லை?

இரும்புத் தலைக்கவசத்தின் முகமூடியை இறக்கினால் திரையே ஒரு சின்னக் கீற்றாகிவிடும். மூன்று பேர் சுற்றிவளைத்தால் இரண்டு பேரைத்தான் பார்க்க முடியும். அழுக்குச் சட்டையோடு பிரபு வீட்டுக்குப் போனால் மதிக்கமாட்டார்கள். குளித்துவிட்டுப் போனால் அதே ஆள் மரியாதையாகப் பேசுவான். இப்படி ஒவ்வொரு தடையும் அந்தக் காலத்தைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொல்கிறது. ஒடிசியின் லெவல் தடை கிரேக்கத்தைப் பற்றி என்ன சொல்லிற்று? ஒன்றுமில்லை.

அதற்காக இதிலும் எல்லாவற்றையும் மன்னிக்க முடியாது. கேமைச் சேமிக்க ஒரு மதுப்புட்டி வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குரிய கட்டிலில் போய்த் தூங்க வேண்டும். பிராக்கில் இருந்து யோசித்தவர்களுக்கு இது நல்ல யோசனையாகத் தோன்றியிருக்கும். நம் பக்கம் தென்மேற்குப் பருவமழையில், எங்கோ ஒரு சவுக்குமரம் வயரில் சாய்ந்து கரண்ட் போகும் நேரத்தில் இதை விளையாடிப் பார்க்க வேண்டும். பாதிக் கோட்டையை இருட்டில் தவழ்ந்து கடந்து, திருட வேண்டியதைத் திருடி, வெளியே வரும்போது கரண்ட் போனால் எல்லாம் போச்சு. பழைய லெப்டொப்பின் பெட்டரி அந்த ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. பிற்பாடு வந்த திருத்தத்தில் "சேமித்துவிட்டு வெளியேறு" என்ற வழியைச் சேர்த்தார்கள். இடி முழங்கினால் நான் உடனே அதை அழுத்திவிடுவேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் எனக்கு உண்மையான ஆதங்கம். அசாசின்ஸ் கிரீட் தொடரில் 2013இல் வந்த பிளாக் ஃபிளாக் கரீபியக் கடற்கொள்ளையர் கதை. கப்பலோட்டம் அவ்வளவு சுகம், மாலுமிகள் பாடிக்கொண்டே வருவார்கள். இடையிடையே கரும்புத் தோட்டங்களுக்குள் புகுந்து, காவலன் பின்னால் பதுங்கிப்போய் சாவியைப் பறித்து, களஞ்சியத்திலிருந்து சர்க்கரையும் ரம்மும் அள்ளலாம். தோட்டத்தில் வேலை செய்கிற மனிதர்கள் பின்னணி. அதே கேமின் துணைக்கதையாக ஃபிரீடம் க்ரை வந்தது. முன்பு அடிமையாக இருந்த அடேவாலேதான் நாயகன், 1735, போர்ட்-ஓ-பிரின்ஸ். இங்கே தோட்டத்துக்குள் போவது ஆட்களை விடுவிக்க. அபாய மணி அடித்துவிட்டால் மேற்பார்வையாளர்கள் அடிமைகளைக் கொல்லத் தொடங்குவார்கள். அந்த ஒரு ஏற்பாட்டில் வயிறு கலங்கிவிடும். உங்கள் அவசரத்துக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். அப்புறம் எல்லாம் முடிந்ததும் திரையில் ஒரு எண் ஏறும்: விடுவிக்கப்பட்டோர் இத்தனை பேர். அந்த எண் குறிப்பிட்ட அளவு வந்தால் புதுக் கத்தி திறக்கும், பெரிய தோட்டாப்பை திறக்கும். மனிதரை எண்ணிக்கையாக்கிய முறையைக் கண்டிக்க வந்த கேம், கடைசியில் தானும் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தைத் திறந்துவிட்டது.

எனக்கு அது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், அந்தத் தீவுகளின் கதையும் நம்முடையதும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பிரித்தானியப் பேரரசில் அடிமை ஒழிப்பு 1834இல் நடைமுறைக்கு வந்தபின் மேற்கிந்தியக் கோப்பி சரிந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் இறக்குமதி வரி சமமானது. கண்டிச் சீமைக் காடுகள் வெட்டப்பட்டு, தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்ததன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. வழியில் செத்தவர்களைச் சரியாக எழுதிவைத்தவர் இல்லை. 2023இல் நம் ஆட்கள் வந்து 200 வருடமானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் போனார்கள். அந்தப் பாதையை ஒரு கேமாக்கினால் எப்படி இருக்கும் என்று சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள். எனக்கும் ஆசைதான், ஆனால் "காப்பாற்றியோர்: 12/40" என்று ஒரு மூலையில் வரும் என்றால் வேண்டவே வேண்டாம்.

மலைநாட்டில் ஒரு ஓபன் வேர்ல்ட் கேம் செய்யத்தான் வேண்டும் என்றால், என் தெரிவு ரொபர்ட் நொக்ஸ். 1660இல் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலேய இளைஞன். இரண்டாம் இராஜசிங்கனின் கைதியாகக் கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 வருடம் இருந்தான். சிறையில் அடைக்கவில்லை, ஊர்களில் விட்டுவைத்தார்கள். தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தான், தொப்பி விற்கிற சாட்டில் பாதைகளைப் பழகிக்கொண்டான். கண்டி மன்னர்கள் பாதைகளை வேண்டுமென்றே ஒடுக்கமாக விட்டு, முட்கதவு போட்டுக் காவல் வைத்திருந்தார்கள். கடைசியில் 1679இல் ஒரு துணையோடு, அநுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டே போய் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். யோசித்துப் பாருங்கள்: வாள் கிடையாது, மேப் கிடையாது, கையில் தொப்பி மூட்டை. எந்த ஊருக்குப் போனாலும் ஏன் வந்தாய் என்பதற்கு ஒரு பதில் வேண்டும். மேப்பை வரைவதே கேம். நம் ஊர் மலை, ஆறு, காடு எல்லாம் அலங்காரமாக இல்லாமல் நிஜமான தடையாக நிற்கும். யாராவது செய்தால் கடன் வாங்கியாவது வாங்குவேன்.

சரி, நீங்கள் இப்போது என்ன செய்யலாம்? வல்ஹல்லாவில் ஒவ்வொரு மாவட்டமும் கிட்டத்தட்ட தனிக்கதை. புள்ளிகளை முழுக்க மறந்துவிட்டு, செட்டிங்ஸில் போய்த் திரையில் தெரியும் குறிகளை ஒஃப் செய்துவிட்டு, கதையை மட்டும் பிடித்துப் போங்கள். அப்படியும் சலித்தால் பாதியில் விட்டுவிடுங்கள், அதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஒடிசி எடுத்தால் எக்ஸ்ப்ளோரேஷன் மோட்டில் விளையாடுங்கள். அம்புக்குறிக்குப் பதிலாக "ஆற்றுக்கு வடக்கே, இன்ன ஊருக்குப் பக்கம்" என்று வழி சொல்லும். கிங்டம் கமைத் திரும்பத் திறந்தால், ரட்டாய் நகரில் கப்டன் பெர்னாட் என்று ஒருவர் இருப்பார். கதையை அப்படியே நிறுத்திவிட்டு, ஒரு பின்னேரம் முழுக்க அவரிடம் மரவாளால் அடி வாங்குங்கள். சண்டையின் தாளம் கைக்கு வரும்வரை ஊருக்கு வெளியே காலே வைக்காதீர்கள். அதன் இரண்டாம் பாகம் 2025இல் வந்துவிட்டது, ஆனால் முதல் பாகம் முடிக்காமல் அங்கே போகாதீர்கள், ஹென்றியின் கதை தொடர்ந்து போகிறது.

டவுன்லோட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்த கேம்களில் பல 50, 100 ஜீபி என்று போகும், டேட்டா பெக்கேஜில் கட்டுபடியாகாது. ஸ்டீமில் வாங்கியதென்றால், அதே கேம் வைத்திருக்கும் யாரிடமாவது கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, உங்கள் கணினியில் ஸ்டீமின் "கொமன்" ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு இன்ஸ்டோல் கொடுங்கள். இருக்கிறதைச் சரிபார்த்துவிட்டுக் குறைவதை மட்டும்தான் இறக்கும். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்களில் ஒருவரிடமாவது அந்த ஹார்ட் டிஸ்க் இருக்கும், இப்போதே சொல்லி வையுங்கள். கிங்டம் கமை மட்டும் முடிந்தால் எஸ்எஸ்டியில், அதாவது வேகமான புதுவகை டிஸ்க்கில், போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் நீங்கள் குதிரையில் ஊருக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் வீடுகள் வந்து சேரும்.